கணக்கில் இலாபம், கையில் காசில்லை

வயல் செய்தவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத ஒரு விடயத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். பெரும்போகத்துக்கு ஐப்பசியில் விதைத்தால் மாசி பங்குனியில் அறுக்கிறோம். இடைப்பட்ட நான்கைந்து மாதங்களும் உழவுக்கூலி, விதைநெல், பசளை, களைநாசினி என்று காசு வெளியே போய்க்கொண்டேயிருக்கும். உள்ளே ஒரு சதமும் வராது. பயிர் பச்சையாக நிற்கும். வீட்டில் அரிசி வாங்கக் காசு இராது. இந்த இடைவெளியைக் கடக்க வழியில்லாதவர் முதலாளியிடம் பசளையைக் கடனுக்கு எடுப்பார். பின்னர் களத்திலேயே அந்த முதலாளி சொன்ன விலைக்கு நெல்லை அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். அவருக்கு விளைச்சல் குறையவில்லை. காசு கொடுக்கவேண்டிய நாளும் காசு வரும் நாளும் பொருந்தவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

இதே சங்கடம் இன்று எமது பிள்ளைகள் தொடங்கியிருக்கும் கைப்பணி முயற்சிகளிலும் தலைகாட்டுகிறது. 2006 சித்திரையில் சம்பூரையும் அதைச் சுற்றியிருந்த ஊர்களையும் விட்டு ஓடிய குடும்பங்களுள் பல, 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தமது காணிகளை மறுபடி கண்டன. பத்து வருடம் உழாத வயலை ஒரு போகத்தில் திருத்திவிட முடியாது. வரம்பு இல்லை, வாய்க்கால் இல்லை, மாடு இல்லை. ஆகவே வயலை மட்டும் நம்பாமல், தாய்மாருக்கும் தாய்வழிப் பாட்டிமாருக்கும் கைவந்த பனையோலை வேலையைப் பெண்பிள்ளைகள் கையில் எடுத்தது இயல்பே. வேறு ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்து இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதோருக்கோ ஓலையும் விரல்களுமே முதலாகிவிட்டன.

ஆனால் இவர்கள் செய்வது பழைய கடகமும் சுளகும் மட்டுமல்ல. கணினி வகுப்புக்கும் தையல் வகுப்புக்கும் போய்வந்த பிள்ளைகள் புதிய வடிவங்களை வரைகிறார்கள். உல்லாச விடுதிகளுக்கு விளக்குமறைப்பு, கொழும்புக் கடைகளுக்குத் துணி உள்வைத்த பரிசுப்பெட்டி, மாநாடுகளுக்குக் கோப்புறை, கைப்பை என்று பொருள்கள் உருவாகின்றன. பொருள் அழகாயிருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. அப்படியிருந்தும் இரண்டாம் வருடத்தில் குழு தள்ளாடுகிறது. ஒருத்தி சங்கிலியை அடகு வைக்கிறாள். மற்றொருத்தி மத்திய கிழக்குக்குப் போகக் கடவுச்சீட்டு எடுக்கிறாள். "நல்ல சாமான்தானே, ஏன் சரிவரவில்லை?" என்று கேட்டால் ஒருவரிடமும் விடையில்லை. சிலர் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. பெரும்பாலும் காரணம், கணக்குப் படிப்பவர்கள் காசுப்பாய்ச்சல் என்று சொல்லும் அந்த ஒன்றே.

வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட தொழில் எமது நாட்டில் நிலைக்காது என்று எவரும் சொல்ல முடியாது. கொழும்பில் நல்லாயன் சபைக் கன்னியர் தமது நெசவு நிலையங்களில் வேலை செய்த பெண்களுக்காக வடிவமைத்துத் தருமாறு ஓவியர் பாபரா சன்சோனியை அழைத்தார்கள். அந்த அழைப்பிலிருந்து வளர்ந்ததே 1964இல் தொடங்கிய 'பெயார்ஃபூட்' நிறுவனம். 2022இல் அவர் காலமானார். நிறுவனமோ நிலைத்து நிற்கிறது. குருநாகல் மாவட்டத்தில் 1991இல் சண்டிரா வண்டுறாகல என்ற சட்டத்தரணி பதினைந்து பெண்களோடு தொடங்கிய 'செலின்' கைத்தறி நிறுவனமும் இன்று வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. இரண்டிலும் கை வேலையோடு வடிவமும் சந்தையும் சேர்ந்து வந்தன. எமது குழுக்களிடம் கையும் வடிவமும் உண்டு. சந்தையும் ஓரளவு உண்டு. காசு வரும் நாளை எண்ணும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

ஒரு கணக்கு

தெளிவுக்காக ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டுப் பெண்கள். தொகைகளும் உதாரணத்துக்கே, உங்கள் ஊர் விலையை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்பில் ஒரு கடை 400 பரிசுப்பெட்டிக்கு ஓடர் தருகிறது. ஒரு பெட்டி 450 ரூபா. மொத்தம் 1,80,000 ரூபா. செலவைப் பார்ப்போம். குருத்தோலைக்கு 24,000. சாயத்துக்கும் விறகுக்கும் 12,000. உள்வைக்கும் துணிக்கும் பூட்டுக்கும் 20,000. இழைக்கும் கூலி கிழமைக்கு 16,000 வீதம் ஐந்து கிழமைக்கு 80,000. அனுப்பும் செலவு 8,000. ஆக 1,44,000 ரூபா. மிச்சம் 36,000 ரூபா. இலாபம்தான், நல்ல இலாபம். இந்தக் கணக்கை எல்லாக் குழுக்களும் போடுகின்றன, போட்டு மகிழ்கின்றன. பிழையும் இல்லை.

இனி அதே ஓடரை நாள்வாரியாகப் பார்ப்போம். குழுவின் பெட்டகத்தில் இருப்பது 60,000 ரூபா. முதற் கிழமையிலேயே ஓலை, சாயம், துணி எல்லாவற்றுக்கும் 56,000 போய்விடுகிறது. மிச்சம் 4,000. அந்தக் கிழமைக் கூலி 16,000 கொடுக்க 12,000 குறைகிறது. இரண்டாம் கிழமை முடிவில் குறை 28,000. மூன்றாம் கிழமை 44,000. நான்காம் கிழமை 60,000. ஐந்தாம் கிழமை கூலியும் அனுப்புகூலியும் சேர 84,000 ரூபா குறைவு. பெட்டிகள் போய்விட்டன. கடைக்காரர் நேர்மையானவர், சொன்ன சொல் தவறமாட்டார். ஆனால் அவர் சொன்னது, விலைச்சிட்டை கிடைத்து அறுபது நாளில் காசு என்பதே. அதாவது பதினான்காம் கிழமை. அந்த 84,000 ரூபாக் குழி ஒன்பது கிழமை திறந்தே கிடக்கும்.

இந்த இடத்தில்தான் புதிய குழுக்கள் விழுகின்றன. ஆறாம் கிழமை அதே கடை, பெட்டிகள் பிடித்துப்போய், இன்னும் 400 கேட்கிறது. குழுவில் கைதட்டல். ஓடரை ஏற்றுக்கொள்கிறார்கள். பத்தாம் கிழமை முடிவில் குறை 84,000 அல்ல; இன்னொரு 1,44,000 சேர்ந்து 2,28,000 ரூபா. இலாபம் இருமடங்கு, குழியோ அதைவிட வேகமாக ஆழமாகிறது. விற்பனை இல்லாமல் மூடிய குழுக்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விற்பனை கூடியதால் மூடிய குழுக்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை, அப்படியும் உண்டு.

செய்யவேண்டிய முதல் வேலைக்கு ஒரு சதமும் செலவில்லை. பிள்ளைகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் குறுக்கே பன்னிரண்டு கட்டம் கீறுங்கள். ஒரு கட்டம் ஒரு கிழமை. மேல் வரியில் அந்தக் கிழமை கையில் உள்ள காசு. அடுத்த வரியில் வரும் காசு. வருமென்று நம்பும் காசல்ல, வருமென்று எழுத்திலுள்ள காசு. மூன்றாம் வரியில் போகும் காசு. கடைசி வரியில் மிச்சம். அதையே அடுத்த கட்டத்தின் மேல் வரியில் எழுதிக்கொண்டு போகவேண்டும். எந்தக் கட்டத்தில் மிச்சம் பூச்சியத்துக்குக் கீழே இறங்குகிறதோ அதைச் சிவப்பால் வட்டமிடுங்கள். குழி எந்தக் கிழமை வருகிறது, எவ்வளவு ஆழம் என்பது ஐந்து கிழமைக்கு முன்னரே தெரிந்துவிடும். தாளைப் பொருளாளரின் அலுமாரிக்குள் வைக்காமல் வேலைசெய்யும் கொட்டில் சுவரில் ஒட்டவேண்டும். எட்டுப் பேரும் பார்க்கும் கணக்கில் சந்தேகம் வளராது. எமது குழுக்கள் பல உடைந்தது காசில்லாததால் அல்ல, காசு எங்கே போயிற்று என்ற சந்தேகத்தால்.

இந்தத் தாளில் வீட்டுச் செலவு வரக்கூடாது. கோயில் திருவிழா, பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து, உறவினர் வீட்டுச் சாவு எல்லாம் நியாயமான செலவுகளே. ஆனால் அவை கூலியிலிருந்து போகவேண்டும், குழுப் பெட்டகத்திலிருந்து அல்ல.

முற்பணம் கேட்பது பிச்சையல்ல

எமது சனங்களுக்குக் காசு கேட்க வெட்கம். அதிலும் முகாம்களில் நிவாரண வரிசையில் நின்று பழகியவர்களுக்குக் கொடுப்பவர் முன் வாய் திறக்கவே தயக்கம். "சாமானைக் கொடுத்தபின் அவையள் தருவினம்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பொருள் செய்து முடியுமுன்னரே வாங்குபவரிடம் விலையில் ஒரு பங்கு பெறுவது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. உலக நியாய வர்த்தக அமைப்பு தனது பத்துக் கொள்கைகளுள் ஒன்றில் இதை எழுதியே வைத்திருக்கிறது: கைப்பணிப் பொருளுக்கு உற்பத்தியாளர் கேட்டால் குறைந்தது ஐம்பது வீத முற்பணத்தை வட்டியின்றிக் கொடுக்கவேண்டும். எல்லாக் கடைகளும் அந்த அமைப்பில் இல்லை. எனவே எல்லோரும் கொடுப்பார்கள் என்று சொல்லவில்லை. கேட்பதில் அவமானமில்லை என்பதையே சொல்கிறோம்.

எமது உதாரணத்தில் ஐம்பது வீதம் கிடைத்தால் என்ன நடக்கும்? 90,000 ரூபா முதற் கிழமையிலேயே வருகிறது. பெட்டகத்திலிருந்த 60,000 உடன் 1,50,000. முழுச் செலவும் 1,44,000. பொருள் போய்ச் சேர்ந்த நாளிலும் கையில் 6,000 ரூபா மிச்சம். குழியே இல்லை. ஒரு ரூபா கடனுமில்லை. அறுபது நாள் பொறுத்திருக்கலாம்.

கடைக்காரர் ஐம்பது வீதம் மாட்டேன், கால் பங்குதான் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இன்னொன்றைக் கேளுங்கள்: பெட்டிகளை இரண்டு தடவையாக அனுப்புகிறோம், ஒவ்வொரு தடவையும் ஒரு கிழமைக்குள் அதற்குரிய காசைத் தாருங்கள். ஓலையும் துணியும் பாதி பாதியாக வாங்கலாம். கையில் 60,000, முற்பணம் 45,000, ஆக 1,05,000. மூன்றாம் கிழமை முடிவில் முதல் 200 பெட்டி போய்விடும், குறை 3,000. நான்காம் கிழமைக் கூலியோடு குறை 19,000. அந்தக் கிழமை முடிவில் முதற் பாதிக்கான காசு, முற்பணத்தில் பாதி கழித்து, 67,500 ரூபா வருகிறது. 84,000 ரூபாக் குழி 19,000 ரூபாவாகச் சுருங்கிவிட்டது. அதுவும் சில நாட்களுக்குத்தான். இவ்வளவு சிறிய குழியை உறுப்பினரின் சொந்தச் சேமிப்பாலேயே மூடலாம். பெட்டியின் விலை கூடவில்லை, கூலி குறையவில்லை, எவரும் கூடுதலாக உழைக்கவில்லை. காசு வரும் நாள் மட்டுமே மாறியது.

இரண்டாக அனுப்பினால் அனுப்புகூலி கூடும் என்று சிலர் சொல்லக்கூடும். அரை லொறிக்கு முழு லொறிக் கூலி கேட்டால் அது உண்மை. அப்போது அந்த மேலதிகச் செலவையும் தாளில் எழுதிப் பார்த்துத் தீர்மானியுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மூட்டையைத் திருகோணமலைக்குக் கொண்டுவரப் பாதைக்குக் காத்திருந்த நாட்களோடு ஒப்பிட்டால் இன்று பரவாயில்லை. உலகம் புகழும் துறைமுகம் எமது வாசலிலேயே இருக்கிறது; எமது பெட்டிகள் என்னவோ இரவு பஸ்ஸில்தான் கொழும்பு போகின்றன.

முற்பணத்தை வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பெட்டி, என்ன விலை, முற்பணம் எவ்வளவு, மிச்சம் எந்த நாள், விலை எத்தனை நாளுக்குச் செல்லும். கடைசி வரியை இலேசாக நினைக்க வேண்டாம். 2022 பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் வைகாசியில் 360 ரூபாவைத் தொட்டது. சாயமும் பூட்டும் இறக்குமதி. பழைய விலையில் ஓடர் ஏற்றவர் எவராயினும் ஒவ்வொரு பெட்டியிலும் நட்டப்பட்டிருப்பார். "இந்த விலை பதினான்கு நாளுக்கு மட்டும்" என்ற ஒரு வரி அன்று எவ்வளவோ காப்பாற்றியிருக்கும்.

விலைச்சிட்டையைப் பற்றியும் ஒரு சொல். அறுபது நாள் என்பது பெட்டி போன நாளிலிருந்தா, சிட்டை போன நாளிலிருந்தா? பெரும்பாலும் சிட்டையிலிருந்துதான். பெட்டியை அனுப்பிவிட்டுச் சிட்டையை இரண்டு கிழமை கழித்து எழுதும் குழு, கடைக்காரருக்கு இரண்டு கிழமையை இனாமாகக் கொடுக்கிறது. பெட்டியோடு சிட்டையும் ஒரே பஸ்ஸில் போகவேண்டும். அதைப் படமெடுத்துத் தொலைபேசியிலும் அனுப்புங்கள். ஐம்பதாம் நாள் மரியாதையாக ஒரு நினைவூட்டல். அதற்குப் பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். வடிவம் வரையும் பிள்ளை பெரும்பாலும் கூச்ச சுபாவம், கொஞ்சம் வாய்த்துணிவுள்ள அக்கா ஒருவரிடம் அதை விடலாம்.

"விற்றால் காசு தருகிறோம், வைத்துவிட்டுப் போங்கள்" என்பவர்களிடம் கவனம். அது விற்பனையே அல்ல. உங்கள் காசு அவர்களுடைய அலுமாரியில் தூசு பிடித்துக் கிடக்கிறது. புதிய கடையொன்றில் பொருளை அறிமுகப்படுத்தப் பத்துப் பன்னிரண்டு வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

காசு ஒளிந்திருக்கும் இடங்கள்

வடிவமைப்பை நம்பிய தொழிலுக்கே உரிய இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று மாதிரிப் பொருள். ஒரு விடுதி முகாமையாளர் ஆறு வகை விளக்குமறைப்பு செய்து காட்டச் சொல்கிறார். பிள்ளைகள் மூன்று நாள் செலவிட்டுச் செய்து கொடுக்கிறார்கள். பிறகு அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. மாதிரிக்கு விலை சொல்லுங்கள். ஓடர் வந்தால் அதைக் கழித்துவிடுவோம் என்றும் சொல்லுங்கள். உண்மையாக வாங்க வந்தவர் இதற்கு மறுக்கமாட்டார்.

மற்றது வகைகளின் பெருக்கம். பதினெட்டு நிறம், ஒன்பது அளவு, ஐந்து விதப் பூட்டு என்று வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சங்களெல்லாம் காசுதான், ஆனால் அதைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது. நான்கு நிறத்தை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பல தோற்றங்கள் கொண்டுவருவது கெட்டித்தனம். இவ்விடயத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம், பனை அபிவிருத்திச் சபை போன்ற அரச நிறுவனங்களிடம் ஆலோசனை கேட்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை பனை சார்ந்த தொழில்களுக்கென்றே ஏற்பட்டது.

ஓலை மட்டும் விதிவிலக்கு. கார்த்திகை மார்கழி மழையில் குருத்தோலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். கோடையில் வாங்கி, பனியிலும் வெயிலிலும் பதமாக்கிக் கட்டி வைக்கத்தான் வேண்டும். அப்படி முடங்கும் காசைத் தாளில் முன்னரே காட்டிவிட்டால் அது ஆச்சரியமாக வந்து நிற்காது.

கூலியைப் பற்றி ஒரு விவாதம் உண்டு. காசு வரும்வரை பெண்கள் பொறுக்கட்டும், குழு அவர்களுடையதுதானே என்று திட்ட உத்தியோகத்தர்கள் சிலர் சொல்வார்கள். தாளில் அது மிக வசதியான தீர்வு. எமக்கு அது உடன்பாடில்லை. திராட்சைத் தோட்ட உவமையில் வீட்டுத் தலைவர் அன்று மாலையே கூலியைக் கொடுக்கச் சொன்னார். கடைசி மணித்தியாலம் வந்தவனுக்கும் கொடுத்தார். ஏனெனில் அன்றைய கூலி அன்றைய சோறு. எட்டுப் பேரும் கூடிப் பேசி, இந்த ஓடருக்குக் கூலியில் கால் பங்கைப் பின்னர் எடுப்போம் என்று தாமாகத் தீர்மானித்தால் அது வேறு விடயம். அப்போதும் கணவனை இழந்தவர், கைக்குழந்தையுள்ளவர் இவர்களுக்கு முழுக் கூலியும் முதலில்.

கடன் வேண்டுமானால்

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு குழி எஞ்சலாம். அதற்குக் கடன் எடுப்பது பாவமல்ல. ஆனால் குழியின் நீளமும் கடனின் நீளமும் ஒன்றாயிருக்க வேண்டும். பதினான்காம் கிழமை காசு வரும் தொழிலுக்கு, அடுத்த கிழமையிலிருந்தே தவணை கட்டும் கடனை எடுத்தால் அந்தத் தவணையை எதிலிருந்து கட்டுவது? இன்னொரு கடனிலிருந்துதான். வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். தவணை எப்போது தொடங்குகிறது என்று கேட்பதில்லை. மேலும், எடுத்த முழுத் தொகைக்கும் கடைசித் தவணைவரை வட்டி கணிப்பார்களாயின், வாயால் சொல்லும் வீதத்தைவிட உண்மையான வீதம் ஏறத்தாழ இருமடங்கு. நீங்கள் பாதியைத் திருப்பிக் கட்டியபின்னும் முழுமைக்கும் வட்டி கட்டுகிறீர்கள்.

கிழமைக் கடன் எமது பெண்களை என்ன செய்தது என்பது எல்லோரும் கண்டதே. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களில், திருகோணமலை உட்பட, பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமற்போன ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியதாயிற்று. அதன் பின்னும், 2021இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் இதே துன்பத்துக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இது ஓரினத்தின் துன்பமல்ல.

அடகு வைப்பதைப் பற்றி எமது கருத்து சற்று வேறானது. அரச வங்கியில் நகையை அடகு வைத்தால் கிழமைத் தவணை இல்லை. குறித்த தவணைக்குள் மொத்தமாக மீட்கலாம். எனவே குறுகிய குழிக்கு அது பொருத்தமே. ஆனால் ஒருத்தியின் சங்கிலியால் எட்டுப் பேரின் குழியை மூடுவது நீதியல்ல. அப்படிச் செய்ய நேர்ந்தால் அதைக் குழுவின் கடனாகக் கூட்டக் குறிப்பில் எழுதி, வட்டியைக் குழு கட்டவேண்டும்.

எல்லாவற்றிலும் மேலானது சொந்தச் சேமிப்பு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1920களின் இறுதியிலிருந்து மோசஸ் கோடி என்ற குருவானவர் ஏழை மீனவரையும் விவசாயிகளையும் சிறு சிறு படிப்பு வட்டங்களாகக் கூட்டினார். பிடித்த மீனையும் விளைந்ததையும் கடன் கொடுத்த முதலாளிக்கே விற்கவேண்டியிருந்த சனங்கள் அவர்கள். அவர் காசு கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. முதலில் தமது வரவு செலவைத் தாமே எண்ணப் பழக்கினார். அதிலிருந்து கடனுதவிச் சங்கங்கள் பிறந்தன. எமது நாட்டிலும் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இலேயே வந்தது. ஓய்ந்துபோன சிக்கனக் கடனுதவிச் சங்கங்களுக்கு 1978இல் கிரிவந்தெனிய அவர்கள் 'சணச' இயக்கத்தால் மறுபடி உயிர் கொடுத்தார்.

எமது உதாரணக் குழுவில் ஒவ்வொருவரும் கிழமைக்கு 200 ரூபா போட்டால் எட்டுப் பேருக்கு 1,600. ஒரு வருடத்தில் 83,200 ரூபா. முற்பணமே இல்லாத ஓடரின் 84,000 ரூபாக் குழியை ஏறக்குறைய அது தனியே மூடும். அதோடு ஓடரின் 36,000 ரூபா இலாபத்தை முழுதாகப் பங்கிடாமல் மூன்றிலொரு பங்கு, 12,000 ரூபாவை, பெட்டகத்திலேயே விடவேண்டும். இப்படிச் சேரும் காசை வங்கிக் கணக்கில், மூவர் கையொப்பத்தில் இருவராவது இட்டால்தான் எடுக்கலாம் என்ற ஒழுங்கில் வையுங்கள்.

இந்தச் சேமிப்புக்கு இன்னொரு தேவையும் உண்டு. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்குச் சித்திரை தொடங்கிப் புரட்டாதிவரைதான் கூட்டம், பிறகு மழை. அந்த மாதங்களில் விடுதி ஓடர் குறையும் என்பது நிச்சயம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின்னும் 2020 பெருந்தொற்றிலும் கண்டதுபோல, பருவத்திலேயே விடுதிகள் வெறிச்சோடுவதும் உண்டு. எனவே ஓடர்களுள் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. விடுதி ஓடர் கோடைக்கு, கொழும்பின் நத்தார்ப் பரிசுப்பெட்டி ஓடர் புரட்டாதி ஐப்பசிக்கு என்று இரண்டு கால்களில் நிற்கலாம். நத்தார் ஓடருக்கான ஓலை ஆவணிக்குள் காய்ந்து கட்டியிருக்க வேண்டும். சித்திரைச் சீசனுக்கான ஓலை மாசியில் வாங்கத் தொடங்குவார்கள். அறுவடைக்கு ஆள் தேவைப்படுவதால் அப்போது ஓலை வெட்டும் கூலி கூடும். ஆகையால் பன்னிரண்டு கட்டத் தாளின் முதற் பிரதியைத் தைப்பொங்கல் கழிந்த கிழமையில் கூடி எழுதுவது வசதி. கணக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். பென்சிலால் எழுதட்டும், அழித்தெழுத வேண்டிவரும்.